ஆறுவழிச் சாலை வந்த ஊரில் செப்டிக் டேங்குக்குள் ஏன் இன்னும் ஆள் இறங்குகிறார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். ஊருக்கு வெளியே ஆறுவழிச் சாலை போகிறது. வீட்டுக்குள் ஃபைபர் இணையம் வந்துவிட்டது. இளநீர்க் கடைக்காரர்கூட க்யூஆர் அட்டையை மாட்டி வைத்திருக்கிறார். ஆனால் உங்கள் அடுத்த தெருவில், கட்டிப் பதினைந்து வருஷம்கூட ஆகாத ஒரு மாடி வீட்டின் செப்டிக் டேங்குக்குள் போன மாதம் இரண்டு பேர் வாளியோடு இறங்கினார்கள். "வசதிகள் எல்லாம் முன்னால் போய்விட்டன, மனசு மட்டும் பின்தங்கிவிட்டது. இன்னும் ஒரு தலைமுறையில் தானாகவே சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சீக்கிரமே வீடு கட்டப்போவதாகவும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: இயந்திரம் இல்லாததால் அவர்கள் இறங்கினார்களா, இருந்தும் இறங்கினார்களா?

நான் சிவில் இன்ஜினியர். சிறு நகரங்களில் பாதாள சாக்கடை, கழிவுக் கசடு சுத்திகரிப்பு வேலைகளிலேயே என் காலம் போனது. சாதியைப் பற்றி ஆராய்ந்து பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். தொட்டி, குழாய், லாரி, டெண்டர், வீட்டுக்காரர், மேஸ்திரி இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

இயந்திரம் இருக்கிறது. இதில் சந்தேகமே வேண்டாம். உறிஞ்சி எடுக்கும் டேங்கர் லாரி இன்று ஏறக்குறைய எல்லாத் தாலுகா ஊரிலும் கிடைக்கும். போன் செய்தால் பெரும்பாலும் அன்றைக்கே வரும். மாநகராட்சிகளில் சாக்கடை அடைப்பைத் தண்ணீர் பீய்ச்சி உடைக்கும் ஜெட் ராடிங், கசடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வண்டிகள் ஓடுகின்றன. திருவனந்தபுரத்தில் ஆரம்பித்த ஒரு நிறுவனத்தின் பேண்டிகூட் ரோபோ 2018 முதல் பாதாள சாக்கடைக் குழிகளில் வேலை செய்கிறது. செப்டிக் டேங்குக்கென்றே சென்னை ஐஐடியில் ஹோமோசெப் என்ற இயந்திரத்தைச் செய்திருக்கிறார்கள். ஆக, தொழில்நுட்பம் வராததால் ஆள் இறங்குகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழைகளால் லாரிக்குப் பணம் கொடுக்க முடியவில்லை என்பதும் பெரும்பாலும் உண்மையில்லை. உங்கள் அடுத்த தெரு வீட்டுக்காரர் போர்ட்டிகோ டைல்ஸுக்குச் செலவழித்ததில் சின்னப் பங்குகூட வராது லாரி வாடகை.

அப்புறம் ஏன்? லாரி வந்தது, தண்ணீரை உறிஞ்சியது, அடிக்கசடு வரவில்லை. இதுதான் அநேகமாக எல்லா இடத்திலும் நடப்பது. ஏன் வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

செப்டிக் டேங்குக்கு நம் நாட்டில் ஒழுங்கான தரநிலை இருக்கிறது. ஐஎஸ் 2470 என்று பெயர், இப்போதும் புழங்குவது 1985-இல் திருத்தியது. குறைந்தது 1,000 லிட்டர் கொள்ளளவு, 75 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம், அகலத்தைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு நீளம். பெரிய தொட்டியானால் நடுவில் தடுப்புச்சுவர் வைத்து இரண்டு அறை. கசடு முதல் அறையில் தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். அப்படி எடுத்தால் அது கஞ்சி பதத்தில் இருக்கும், குழாயில் சுலபமாக ஏறிவிடும்.

நம் ஊரில் கட்டுவது இதுவல்ல. இன்ஜினியர் போட்ட வரைபடத்தில் படுக்கையறைக்கு ஜன்னல் எங்கே என்பது வரை இருக்கும். டேங்க் மட்டும் ஒரு சின்னக் கட்டம். மீதியை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். இடத்தை வாஸ்து முடிவு செய்யும், வாயு மூலையில்தான் வரவேண்டும். அந்த மூலைக்கு லாரியின் குழாய் எட்டுமா என்று யாரும் அளந்து பார்த்து நான் கண்டதில்லை. அளவு விஷயத்தில் வீட்டுக்காரர் ஒரே ஒரு கட்டளைதான் போடுவார்: "நம்ம ஆயுசுக்கும் இதைத் திறக்கவே கூடாது, பெரிசா வெச்சிடுங்க." அதனால் பத்தடி, பன்னிரண்டடி ஆழத்துக்கு ஒரே அறை. சிலர் தளமே போடாமல் அடியை மண்ணாகவே விட்டுவிடுவார்கள், சிலர் சிமென்ட் உறைகளை இறக்கிக் கிணறு மாதிரி செய்துவிடுவார்கள். மேலே கான்கிரீட் மூடி, அதற்கு மேலே டைல்ஸ், அதற்கு மேலே கார்.

"எங்க டேங்க் இருபது வருஷமா நிறையவே இல்லை சார்" என்று பெருமையாகச் சொல்பவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். நிறையவில்லை என்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த நீர் எங்கே போகிறது? பத்துப் பதினைந்தடி தள்ளி அவரே போட்டிருக்கும் போர்வெல்லை நோக்கித்தான். பிறகு தண்ணீர் சரியில்லை என்று ஆர்ஓ வாங்குவார், இல்லை கேன் தண்ணீர் போடச் சொல்வார். ஆர்ஓ வந்ததை வசதி என்று கணக்கில் சேர்க்கிறோம். அது ஏன் தேவைப்பட்டது என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

சரி, அந்த மூடியை ஒருநாள் திறந்துதான் ஆகவேண்டும். பதினைந்து வருஷக் கசடு அடியில் களிமண்போல இறுகிக் கிடக்கும். கூடவே சானிட்டரி நாப்கின், துணி, ஷாம்பு கவர். உறிஞ்சு குழாய் மேலே நிற்கும் நீரை எடுக்கும், இறுகியதை எடுக்காது. உறிஞ்சும் எந்தப் பம்பும் நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் நீரைத் தூக்காது. லாரி தெருவில் மேட்டில் நின்று, குழாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனால் அந்த எல்லையை நெருங்கிவிடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி எடுக்கலாம், இரண்டு மூன்று தடவை வந்து எடுக்கலாம். அதற்கு நேரம் ஆகும், இன்னும் ஒரு ட்ரிப் காசு கேட்பார்கள். அந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்: "அடியில இருக்கிறதையும் சுத்தமா எடுத்துடுங்கப்பா." லாரியோடு வந்தவர் சட்டையைக் கழற்றுவார்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அறிவியலுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கசடு கலங்கினால் அதற்குள் அடைபட்டிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாக வெளியேறும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு அளவைத் தாண்டினால் மூக்கின் நரம்பே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500, 700 என்று ஏறினால் சில நிமிடங்களில் மயக்கம், 1,000-ஐ நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பார், அவரும் விழுவார். செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான். பல நேரம் அவர்கள் அண்ணன் தம்பியாகவோ அப்பா மகனாகவோ இருப்பார்கள். கிணற்றுக்குச் செய்வதுபோல விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. மீத்தேன் இருந்தால் அது தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடை அந்த விளக்கு காட்டவும் காட்டாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-இலேயே ஒரு சட்டம் வந்தது, அது முக்கியமாக உலர் கழிப்பறைகளை, அதாவது ஆள் வந்து கையால் அள்ளும் எடுப்புக் கழிப்பறைகளைப் பற்றியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான் செப்டிக் டேங்கையும் பாதாள சாக்கடையையும் உள்ளே கொண்டுவந்தது. அதன் 7-ஆவது பிரிவு எந்தத் தனிநபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைக்கக்கூடாது என்கிறது. முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "தனிநபர்" என்றால் உங்கள் அடுத்த தெரு வீட்டுக்காரரும்தான். இது பலருக்குத் தெரியாது, கான்ட்ராக்டர்தான் மாட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் மாதம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் தராமல் இறக்குவதைத்தான் "ஆபத்தான சுத்தம்" என்று அது வரையறுக்கிறது. அதனால் ஒரு ஜோடி கையுறையும் துணி முகமூடியும் கொடுத்துவிட்டு "எல்லாம் கொடுத்தோம் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். துணி முகமூடி வாயுவுக்கு எதிராகச் சல்லிக்காசுக்குப் பயனில்லை. வழக்கு தண்டனை வரை போவது மிக அரிது.

இந்த மரணங்களைப் பற்றிய மத்திய அரசுக் கணக்கில் தமிழ்நாடுதான் நெடுங்காலமாக முதலிடத்தில் இருக்கிறது, 1993 முதல் 200-க்கும் மேல். சாலை, கல்வி, தொழிற்சாலை என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் மாநிலம் இதிலும் முன்னால் நிற்பதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கே நகரமயமாக்கல் அதிகம், அதனால் தொட்டிகளும் அதிகம். வழக்குப் போடுகிற அமைப்புகளும் எழுதுகிற நிருபர்களும் இங்கே இருப்பதால் மரணங்கள் பதிவாகவும் செய்கின்றன. வேறு மாநிலங்களில் "தவறி விழுந்தார்" என்று முடித்திருக்கலாம். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரிக்கிற கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே நாம்தான் மிக மோசம் என்றும் சொல்லமாட்டேன், நம் கணக்குதான் நேர்மையானது என்று தட்டிக்கொடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

மனசைப் பற்றி இப்போது பேசலாம். "திறக்கவே கூடாது" என்று வீட்டுக்காரர் சொல்வது எங்கிருந்து வருகிறது? வட இந்தியாவில் 2013-14-இல் ஐந்து மாநிலங்களில் ரைஸ் என்ற ஆய்வு நிறுவனம் கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நன்றாக இயங்கும் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் ஒருவராவது வெளியேதான் போய்க்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது குழி நிறைந்துவிடும் என்ற பயம் திரும்பத் திரும்ப வந்தது. அரசு பரிந்துரைத்த குழியைவிடப் பல மடங்கு பெரிய குழியைத்தான் மக்கள் கேட்டார்கள். நிறைந்தால் யார் அள்ளுவது? நாம் அள்ள முடியாது, அது "அவர்கள்" வேலை. "அவர்கள்" இப்போது வர மறுக்கிறார்கள், சரியாகத்தான் மறுக்கிறார்கள். ஆகவே குழி நிறையாமலே இருக்க வேண்டும். இது தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வு அல்ல. ஆனால் "ஆயுசுக்கும் திறக்கக்கூடாது" என்று இங்கே நான் கேட்டதும் அதே பேச்சுதான்.

தூய்மை இந்தியாத் திட்டத்தில் 2014 முதல் 2019 வரை கிராமங்களில் மட்டும் 10 கோடிக்கு மேல் கழிப்பறைகள் கட்டினார்கள், வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. திட்டம் பரிந்துரைத்தது இரட்டைக் குழி முறையை. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்தினால், முதல் குழியில் இருப்பது ஓரிரு வருஷத்தில் வாடையில்லாத எருவாகிவிடும், மண்வெட்டியால் யாரும் அள்ளலாம். இதை நம்ப வைக்க 2017-இல் மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளிக் கிராமத்தில் குழிக்குள் இறங்கிக் காய்ந்த எருவைக் கையால் எடுத்துக் காட்டினார். ஒரு ஐஏஎஸ் அதிகாரி இறங்கினால் தேசியச் செய்தி. அந்த ஒரு விஷயத்திலேயே நீங்கள் கேட்ட மனசு தெரிந்துவிடுகிறது. திட்டத்தால் பலன் இல்லையா என்றால், இருக்கிறது. கழிப்பறையே பயன்படுத்தாத வீடுகள் 2015-16-இல் 39 சதவீதமாக இருந்து 2019-21-இல் 19 சதவீதமாகக் குறைந்ததைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ஐந்தே வருஷத்தில் இது பெரிய மாற்றம். ஆனால் எங்கெல்லாம் ஒற்றைப் பெருங்குழி கட்டினார்களோ, அங்கெல்லாம் திறக்கும் நாள் இனிமேல்தான் வரப்போகிறது.

ஆகவே உங்கள் சித்திரத்தோடு எனக்கு உடன்பாடு பாதிதான். கட்டுமானம் முன்னால், மனசு பின்னால் என்று இரண்டையும் தனித்தனியாக வைக்கிறீர்கள். செப்டிக் டேங்கும் கட்டுமானம்தானே! வீட்டின் முன்பக்கத்தைப் புதுத் தரத்தில் கட்டுகிறோம், பின்பக்கத்தைப் பழைய மனசின் அளவில் கட்டுகிறோம். பழைய நகரங்களில் எடுப்புக் கழிப்பறைக்கு ஆள் வர வீடுகளின் பின்னால் தனியாக ஒரு சந்து விட்டிருந்தார்கள், முன்வாசல் வழியாக அவர் வந்துவிடக்கூடாது என்பதற்காக. இன்று சந்து போய்விட்டது, பல இடங்களில் அதிலும் வீடு கட்டிவிட்டார்கள். தொட்டி மட்டும் கொல்லையிலேயே இருக்கிறது, லாரி நுழைய வழியில்லாமல். அந்த இடத்துக்கு எட்டக்கூடிய ஒரே இயந்திரமாக மனித உடம்பை வைத்துத்தான் அந்த வடிவமைப்பு.

தானாகச் சரியாகுமா என்றால், ஆகாது. படித்தவர்கள் குடியிருக்கும் அடுக்ககங்களின் சுத்திகரிப்புத் தொட்டிகளிலும் இதே மரணங்கள் நடக்கின்றன. அங்கே சங்கக் கூட்டத்தில் "ஏஜென்சி பார்த்துக்கும்" என்று முடிந்துவிடுகிறது. படிப்பு அந்த மனிதரைக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மனசு மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் வாய் என்று ஒரு சிறு நகரம். அங்கே 2018 முதல் நகராட்சியே முறை வைத்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுத் தொட்டியையும் காலி செய்கிறது. காசை வரியோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். நிறைந்தால் கூப்பிடு என்பது போய், கூப்பிடாமலே லாரி வரும். கசடு இறுக நேரமே இல்லை, ஆகவே ஆள் இறங்கவேண்டிய நிலையே வராது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ரோபோவைவிட இது முக்கியம் என்பேன், ரோபோவை வைத்துப் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்றாலும். தமிழ்நாட்டில் 2014-இலேயே கசடுக் கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி மாதிரி ஊர்களில் கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அதற்கு முன்னால் லாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியிலும் வாய்க்காலிலும் கவிழ்த்துவிட்டுப் போனதை ஊரே பார்த்திருக்கும். முறை வைத்து எடுப்பது மட்டும் இங்கே இன்னும் பெரிய அளவில் வேரூன்றவில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இயந்திரம் உயிரைக் காப்பாற்றும், மரியாதையை வாங்கித் தராது. சாக்கடை, செப்டிக் டேங்க் வேலையை இயந்திரமயமாக்கும் மத்திய அரசின் நமஸ்தே திட்டத்துக்காக நகர்ப்புற உள்ளாட்சிகளில் எடுத்த கணக்கில், இந்த வேலையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அருந்ததியர். லாரிக் குழாயைப் பிடிப்பவரும் அதே குடும்பங்களிலிருந்துதான் வருகிறார். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் பிளாஸ்டிக் டம்ளரில்தான் இன்னும் பல வீடுகளில் வருகிறது. இதை எந்தத் தரநிலையாலும் திருத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் வீடு. தொட்டியை இரண்டு அறையாக, உட்புறம் பூச்சோடு, அடியில் கான்கிரீட் தளத்தோடு கட்டச் சொல்லுங்கள். எவ்வளவு பேர் குடியிருப்பீர்களோ அந்த அளவுக்குப் போதும், ஆழத்தைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி மூடி வையுங்கள், டைல்ஸுக்கு அடியில் புதைக்காமல். லாரி நிற்கும் இடத்திலிருந்து மூடி வரை டேப்பை வைத்து அளந்துவிட்டு, உங்கள் ஊர் லாரிக்காரரிடம் அவர் குழாய் எத்தனை அடி என்று கேளுங்கள். வாஸ்து பார்க்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தொட்டியின் வாயு வெளியேறும் கேஸ் பைப்பைக் கூரைக்கு மேல் கொண்டுபோங்கள். நாப்கினும் துணியும் கழிப்பறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். உள்ளாட்சியின் உரிமம் உள்ள வண்டியைக் கூப்பிடுங்கள். எடுக்கும்போது கொஞ்சம் கசடு அடியில் தங்கினால் பரவாயில்லை, புதுக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. "சுத்தமா எடுங்க" என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்த தெருவில் மறுபடி யாராவது இறங்கப் பார்த்தால் 14420 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம். வீட்டுக்காரரிடம் 7-ஆவது பிரிவையும் சொல்லிப் பாருங்கள், தன்னையும் பிடிக்கும் என்று தெரிந்தால் அவரே இன்னொரு ட்ரிப் லாரிக்குக் காசு எடுப்பார். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்களும் இறங்காதீர்கள், வேறு யாரையும் இறங்க விடாதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. சுவாசக் கருவி போட்டவர்தான் இறங்க வேண்டும்.